வாங்கப்பட்டவளின் தாய்வீடு

ஜெர்மனிக்கு நான் போனது ஒரு சீனக் கதைக்காக என்று சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை. திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள் நான். சீனத்தில் ஓர் எழுத்து தெரியாது. ஆங்கிலத்தில் வந்திருந்த சீனக் குறுநாவல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அந்தச் செய்தி எப்படியோ வாய்வழியாகப் போய், எர்லாங்கனில் நடக்கும் மொழிபெயர்ப்பாளர் பட்டறைக்கு அழைப்பு வந்துவிட்டது. "சீனாக்காரன் எழுதினதுக்கு ஜெர்மன்காரன் எதுக்கு டிக்கெட் எடுத்துக் குடுக்கறான்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. பெட்டியைக் கட்டினேன். இரண்டாயிரத்து ஏழாம் வருடக் கோடை அது.

போய் இறங்கியது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜெர்மனியில் யாரும் இறங்கக் கூடாது. ஊரே கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரு பால் பாக்கெட் வாங்க வழியில்லை. விமானத்தில் கொடுத்த பிஸ்கட்டுக்கு, நான் கொண்டுபோன மாங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு அன்றைய சாப்பாட்டை முடித்தேன். சாயங்காலம் காலாற நடக்கலாம் என்று வெளியே வந்து, வண்டி வாசனையே இல்லாத ரோட்டைச் சிவப்பு விளக்கில் கடந்துவிட்டேன். எதிர்ப்பக்கம் நின்ற கிழவர் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். சின்னப் பிள்ளைகள் பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார் என்பது பிறகு விசாரித்ததில் தெரிந்தது. அங்கே பிள்ளை ஒன்றும் இல்லை. இந்த மனிதரைத் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு நாள் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு திரும்பினேன்.

திங்கட்கிழமை பஸ் ஏறினேன், தப்பான திசையில். இறங்கி முழித்த இடத்தில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க சைக்கிளை நிறுத்திவிட்டு நின்ற ஒரு பையன் என் புடவையைப் பார்த்துவிட்டு, "மேடம், யூனிவர்சிட்டி சைடுன்னா நீங்க ஆப்போசிட்ல ஏறியிருக்கணும்" என்றான். மதுரைப் பையன். அந்த ஊரில் காலையில் சைக்கிளில் வேலைக்குப் போகிற கூட்டத்தில் நாலு பேரைத் தட்டினால் ஒருவன் நம்மவன். நான் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது அறிமுகப் படலம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். தெற்கே மலைப்பக்கத்துப் பெண் ஒருத்தி. வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒருவன் ரயிலேற்றிக் கூட்டிப்போகிறான். வடக்கே வறண்ட சமவெளியில், பெண் கிடைக்காமல் முப்பது தாண்டி நிற்கும் ஒரு விவசாயிக்கு அவளை விற்றுவிடுகிறான். அவள் ஓடிவிடாமல் ஊரே காவல் காக்கிறது. கிணற்றடிக்குப் போனால் ஒருத்தி கூடவே வருவாள், சந்தைக்குப் போனால் ஒருவன் பின்னாலேயே வருவான். யாரும் அவளை அடிப்பதில்லை. கண்ணை மட்டும் எடுப்பதில்லை. சீனக் கிராமக் கதைகளில் இப்படி விலைக்கு வாங்கப்பட்ட மணப்பெண்கள் நிறைய வருகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவ்வளவு கதைகள் எழுதுகிற அளவுக்கு அங்கே நடந்திருக்கிறது.

அந்தக் கதையில் ஓர் அத்தியாயம். சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள், கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாரும் கூடையில் பலகாரத்தோடு பிறந்த வீட்டுக்குப் போகிற நாள். நம் தலைதீபாவளி மாதிரி, ஆனால் வருடா வருடம். அன்றைக்கு இந்தப் பெண்ணையும் புதுத்துணி உடுத்தி, மாமியார் பக்கத்து ஊருக்குக் கூட்டிப்போகிறாள். அங்கே ஒரு கிழவனும் கிழவியும் இவளை வா மகளே என்று கூப்பிட்டு, சோறு போட்டு, அழுதால் கண்ணைத் துடைத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நான் இதைத் தமிழில் ரொம்பவும் உருகி எழுதியிருந்தேன். என் வரைவிலேயே நல்ல பகுதி அதுதான் என்று எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்தப் பகுதியைப் பட்டறையில் விளக்கினேன். சீனக் கதைகளை எடுத்தவர்களின் சந்தேகம் தீர்க்க லின் என்று ஓர் ஆராய்ச்சி மாணவியை உட்கார வைத்திருந்தார்கள். இருபத்தைந்து வயசிருக்கும். கட்டை முடி, பெரிய கண்ணாடி. நான் முடித்ததும் அவள் மெதுவாக, அது அந்தப் பெண்ணின் தாய்வீடே இல்லை என்றாள். தாய்வீடு இல்லாதவள் என்று ஊர் பேசக் கூடாதே என்பதற்காக, அப்பா அம்மாவாக நடிக்க ஏற்பாடு செய்த யாரோ ஒரு கிழத் தம்பதி அது. சீன வாசகருக்கு அது முதல் வரியிலேயே புரியும். ஆங்கிலத்தில் மங்கிப்போயிருக்கிறது.

"சரி, ஆங்கிலத்தில் மங்கலாகவே இருக்கட்டும்" என்றாள். "நிஜமான அப்பா அம்மாவாக இருந்தால் சாயங்காலம் திருப்பி அனுப்புவார்களா? உங்களுக்குச் சந்தேகமே வரவில்லையா?"

வரவில்லை என்றேன். எங்கள் பக்கத்தில், அடிபட்டு அழுதுகொண்டு வருகிற பெண்ணைக்கூடத் தலைவாரிப் பூ வைத்து, முறுக்கு அதிரசம் கட்டிக் கொடுத்து, சாயங்கால பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னேன். தமிழில் நூறு தடவை பேசின விஷயம்தான். ஆங்கிலத்தில் சொல்லும்போது எனக்கே புதிதாகக் கேட்டது. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் காகிதத்தைப் புரட்டினார்கள். லின் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் என் விடுதி அறைக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு டப்பா நிறைய ஆவியில் வேகவைத்த வெள்ளை ரொட்டி. ஜெர்மன் ரொட்டியைக் கடித்துக் கடித்து எனக்குத் தாடை கழன்றிருந்த நேரம் அது. மூடியைத் திறந்ததும் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி வந்தது. அம்மா செய்தது என்றாள். அம்மா மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திரும்புகிறார்.

பிறகு விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய அம்மாவும் வாங்கப்பட்டவர்தான். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சின்ன வயதில், வருடா வருடம் புத்தாண்டின் இரண்டாம் நாள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போவாள். அங்கே ஒரு பாட்டியும் தாத்தாவும் கடலை மிட்டாய் கொடுப்பார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போய் இப்படி ஒரு கதையைப் படித்தபோது, அதில் வந்த கிழத் தம்பதியைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டாளாம். எல்லாம் பொருந்தியது. அம்மாவின் அண்ணன் தம்பி என்று ஒருவர்கூட வீட்டுக்கு வந்ததில்லை. ஊரில் யாரும் தொடாத அளவுக்கு அம்மா மட்டும் தெற்கத்திக்காரர் மாதிரி மிளகாய் சாப்பிடுவார். கேட்டதற்கு அம்மா எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். அதிலிருந்துதான் லின் இந்தக் கதைகளைத் தேடித் தேடிப் படித்து, அதையே ஆராய்ச்சியாக எடுத்திருக்கிறாள்.

அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். "என்னைப் படிக்கவைக்க இருந்த ஒரு மாட்டையும் விற்றார். அம்மாவை வாங்கினதும் அவர்தான்" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அவளுக்கு வேண்டியது அம்மாவின் ஊர்ப்பெயர். அது தெரிந்தால் அம்மாவைப் பெற்றவர்களைக் கண்டுபிடிக்கலாம், இருபத்தேழு வருடமாக எங்கே எங்கே என்று அவர்கள் தேடிக்கொண்டிருப்பார்களே என்றாள். அம்மா ஊர் திரும்பிவிட்டால் முடியாது. அங்கே வீட்டில் எந்நேரமும் ஆட்கள், டெலிபோன் நடுக்கூடத்தில். இங்கே ஜெர்மனியில் அம்மாவைச் சுற்றி ஒரு காது கிடையாது. இரண்டரை மாதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டாள். அவர் வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஏன் இதைச் சொல்கிறாய் என்று கேட்டேன். உங்கள் ஊர்ப் பழக்கத்தைச் சொன்னீர்களே, அதிலிருந்து உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது என்றாள்.

புதன்கிழமை அவர்கள் அறைக்குச் சாப்பிடப் போனேன். லின்னின் அம்மாவுக்கு என்னைவிட ஒரு வயது குறைவு. பார்த்தால் பத்து வயது கூட. சின்ன உருவம், பெரிய கைகள். கையாலேயே மாவை இழுத்து நூடுல்ஸ் போட்டு, ஆட்டிறைச்சிக் குழம்பு ஊற்றிக் கொடுத்தார். தனக்கு மட்டும் ஒரு சீசாவிலிருந்து மிளகாய் எண்ணெயை ஊற்றிக்கொண்டார். நான் என் கிண்ணத்தையும் நீட்டினேன். அவர் மகளைப் பார்த்துச் சிரித்து என்னவோ சொன்னார். அம்மாவுக்கு இன்றைக்குத்தான் ஒரு கூட்டாளி கிடைத்திருக்கிறது என்று லின் சொன்னாள். பதிலுக்கு என் மாங்காய் ஊறுகாய் பாட்டிலைக் கொடுத்தேன். கரண்டியால் எடுத்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். பாஷை இல்லாமலே இரண்டு பேரும் ஒரு மணி நேரம் போல உட்கார்ந்திருந்தோம். வலது முழங்கால் வலி இரண்டு பேருக்கும் பொது என்று சைகையிலேயே தெரிந்துகொண்டோம்.

பதிலுக்கு நான் ஒரு நாள் சமைக்க வேண்டாமா? கறிவேப்பிலை இல்லாமல் எனக்குக் கை ஓடாது. மதுரைப் பையனை விசாரித்ததில் பக்கத்து நகரமான நூரென்பெர்க்கில் ஒரு யாழ்ப்பாணத்தார் கடை இருப்பதாகச் சொன்னான். வியாழக்கிழமை மத்தியானம் பட்டறைக்கு மட்டம் போட்டுவிட்டு மூன்று பேரும் ரயிலேறினோம். ரயில் ஒரு நிமிஷம் பிந்தி வந்ததற்கு ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டார்கள். திருச்சி ஜங்ஷனில் இந்த மரியாதைக்கு ஆரம்பித்தால் நாள் முழுக்க மன்னிப்புத்தான் கேட்க வேண்டும் என்று சொன்னேன். லின் மொழிபெயர்க்க, அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கடை சின்னது. அரிசி மூட்டை, கருவாடு, பலாக்காய், சாமிப் படம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. கடைக்காரர் என்னைக் கண்டதும், "வாங்கோ அக்கா, இந்தியாவோ? நல்ல நாளில வந்திருக்கிறியள். மரக்கறி இப்பதான் வந்திறங்கினது" என்றார். நான் அந்தக் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே கறிவேப்பிலையை மோந்துகொண்டிருந்தபோது பின்னால் ஏதோ சரிந்த சத்தம். லின்னின் அம்மா அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கீரைக்கட்டு. வெற்றிலையைச் சின்னதாக்கின மாதிரி இலை, அடிப்பக்கம் சிவப்பு. பச்சை மீன் நாற்றம் அடித்தது. அவர் அதைக் கழுவாமல் கொள்ளாமல் பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டு மென்றுகொண்டு, அழுதுகொண்டிருந்தார்.

"உது வியட்நாம் ஆக்கள் சாப்பிடுற கீரை. எங்கட சனம் கிட்டவும் போகாது" என்றார் கடைக்காரர். பிறகு அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். "அழட்டும் அக்கா, விடுங்கோ. இந்தக் கடையில எத்தினை பேர் அழுதிருக்கினம்" என்றார்.

லின்னின் அம்மா பேச ஆரம்பித்தார். லின் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தாள், மொழிபெயர்க்கவில்லை. அம்மா பேசுவது அவளுக்கே பாதிதான் புரிந்ததாம். பிறந்த ஊர்ப் பேச்சை அம்மா வாயிலிருந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. மழைக்குப் பிறகு மலைச்சரிவில் இந்தக் கீரையின் வேரைத் தோண்டுவோம் என்று சொன்னாராம். என் அம்மா தோண்டுவார், நான் மண்ணை உதறிக் கூடையில் போடுவேன், மிளகாய் போட்டுப் பிசைந்து தின்போம் என்றாராம். பேச்சோடு பேச்சாக அந்த மலையின் பெயரும், அடிவாரத்து ஊரின் பெயரும் வந்துவிட்டன. லின் என் கையை எடுத்து நசுக்கிவிட்டாள். வலி பொறுக்க முடியவில்லை, ஆனாலும் எனக்கும் அப்போது கண் கலங்கிவிட்டது. ஒரு நல்ல காரியத்தில் நமக்கும் ஒரு பங்கு கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். கறிவேப்பிலையைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரியே லின் அந்த மாகாணத்திலிருக்கும் தோழி ஒருத்திக்கு எழுதி, ஊர் அலுவலகத்தின் டெலிபோன் நம்பரை வாங்கிவிட்டாள். ஊர்ப்பெயர் சரியாக இருந்தது. அம்மாவுடைய குடும்பப் பெயரில் அங்கே இன்னும் வீடுகள் இருக்கின்றன. அம்மாவின் டிக்கெட்டை மாற்றி, தானும் கூடவே போவதென்று அவள் முடிவு கட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை மறுபடி மூன்று பேரும் நூரென்பெர்க். ஸ்டேஷன் பக்கத்தில் வெளிநாட்டுக்குப் பேசுகிற கடைகள் வரிசையாக உண்டு. மரப்பெட்டி மாதிரிக் கூண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டுக்காரர் கத்திக்கொண்டிருப்பார். வழியெல்லாம் லின்னின் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை வருடம் கழித்துப் பேசப்போகிறவர், முதலில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பார் என்று நானே லின்னிடம் சொன்னேன்.

அம்மாவும் மகளும் ஒரே கூண்டுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே. லின் எண்களை அழுத்தினாள். அந்தப் பக்கம் யாரோ எடுத்திருக்க வேண்டும், அவள் முகம் மலர்ந்து பேச ஆரம்பித்தாள். அப்போது அவள் அம்மாவின் கை நீண்டு வந்து டெலிபோனை அமுக்கியது. லின் திரும்ப அழுத்தினாள். அந்தக் கை மறுபடி அமுக்கியது. மூன்றாம் தடவை லின் ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

கடை வாசலில் ஒரு பெஞ்சு. அங்கே உட்கார்ந்து அவள் அம்மா சொன்னார். லின் வரிவரியாக எனக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு வேண்டாம், விடு என்று சொல்லியும் நிறுத்தவில்லை. வேறு பாஷையில் சொன்னால்தான் அவளால் தாங்க முடிந்தது போல. எனக்கென்னவோ அந்த அம்மாள் பேசியது என் ஊர்த் தமிழில்தான் காதில் விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"எங்கப்பாவுக்கு நான் இருக்கற எடம் தெரியும்டி. என் கூட அந்தப் பக்கம் வந்த இன்னொரு பொண்ணு ஊருக்குத் தகவல் அனுப்பிட்டா. அப்பா தேடிக்கிட்டு வந்தார். உனக்கு ரெண்டு வயசு. அவரப் பாத்ததும் என் துணியையும் உன் துணியையும் மூட்டையாக் கட்டி வச்சிட்டேன். ராத்திரி முன்னறையில எங்கப்பா, உன் அப்பாவோடயும் அவரப் பெத்தவரோடயும் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டுப் பேசிக்கிட்டே இருந்தார். உன்ன மடியில வச்சிருந்தார். காலையில எங்கிட்ட வந்து, 'கொழந்த ஆயிடுச்சு. இனிமே ஊர்ல உன்ன யாரு கட்டிப்பா? இங்க சோத்துக்குக் கொறயில்ல. அனுசரிச்சுப் போம்மா'ன்னார்."

லின் ஆங்கிலத்தில் அந்தக் கடைசி வார்த்தைக்குத் தடுமாறினாள். நான் தலையசைத்தேன். எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த அப்பாமேல் எனக்கு வந்த ஆத்திரம் அந்த ஆளோடு நிற்கவில்லை. எனக்குத் தெரிந்த எத்தனையோ பெரிய மனிதர்கள்மேல் போயிற்று.

"பஸ் ரோடு வரைக்கும் உன்னத் தூக்கிக்கிட்டு அவர் கூட நடந்தேன். அன்னைக்கு எங்க பின்னால யாரும் வரல. பஸ் போனதுக்கப்புறம் நானாத் திரும்பி வந்தேன். அன்னையிலேர்ந்து எனக்குக் காவலே கெடயாது."

அந்தப் பக்கத்து ஊர்ப் பாட்டி தாத்தா வீடு? லின் கேட்டாள். அப்பாவைப் பெற்றவள் செய்த ஏற்பாடு என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள், அப்படித்தான் தன் ஆராய்ச்சியிலும் எழுதியிருந்தாள்.

"நான்தான் போய்க் கேட்டேன். புள்ள இல்லாதவங்க. வருஷத்துல ஒருநாள் வந்துட்டுப் போறோம்னேன். அந்த நாள்ல எல்லாப் புள்ளைங்களும் பாட்டி வீட்டுக்குப் போகும். நீ மட்டும் வாசல்ல நிக்கக் கூடாதுன்னுதான்."

லின் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். ஒரு டிராம் வந்து நின்று போயிற்று. பிறகு, தாத்தா வந்தது சரி, உன் அம்மா என்ன சொன்னார் என்று கேட்டாள். பாட்டி உயிரோடு இருக்கலாம், பாட்டியோடு மட்டுமாவது பேசு, ஒரு தடவை பேசு என்று கெஞ்சினாள். இதை அவள் எனக்குப் பிறகுதான் சொன்னாள். கெஞ்சுகிறாள் என்பது மட்டும் தோளைப் பிடித்து உலுக்கியதிலிருந்தே விளங்கியது. பதிலை மட்டும் அப்போதே சொன்னாள்.

"அப்பா என்னை விட்டுட்டு வரப்போறது அம்மாவுக்குத் தெரியுமான்னு அன்னைக்கு பஸ் ரோட்டுல கேக்க வாயெடுத்தேன். கேக்கல. தெரியும்னு சொல்லிட்டார்னா? இருபத்துமூணு வருஷமா, என்னக் கண்டுபிடிக்க முடியலன்னு அப்பா சொல்லியிருப்பார், அம்மாவுக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா வந்திருப்பான்னு நெனச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அதப் போய் நீ போன் பண்ணிக் கேக்காத."

லின் மறுபடி அந்த டெலிபோன் கடைக்குள் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா பழைய டிக்கெட்டிலேயே ஊர் திரும்பினார்.